பாக்கெட்டில் ஒரு டைம்-அவுட்

"கூப்புடுய்யா... டைம்-அவுட் கூப்புடுய்யா... அய்யோ, கையைக் கட்டிட்டு நிக்கிறான் பாரு!"

நவம்பர் 28, 2024 இரவு. மணி 2-ஐத் தாண்டியிருந்தது. ஆபீஸில் நான், வாசலில் தூங்கி வழியும் வாட்ச்மேன் அண்ணன், கடகடவென்று சத்தம் போடும் ஒரு ஏ.சி. அவ்வளவுதான். வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் புயலாகுமா, ஆகாதா என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த நேரம். வானிலை மையத்திலிருந்து அடுத்த அறிவிப்பு வந்தால் உடனே அப்டேட் போட வேண்டும் என்பதற்காக எனக்கு நைட் ஷிப்ட்.

கீ-போர்டுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்த போனில், வாட்ஸ்அப் வீடியோ காலில் கத்திக்கொண்டிருந்தது என் பெரியம்மா மகன். அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில். என்னைவிட 15 வயது மூத்தவர். அவருக்கு அப்போது மதியம், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. டிவியில் சிகாகோ பேர்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கும் மேட்ச்.

"ஃபுட்பால்" என்று அவர் சொன்னால் மெஸ்ஸியை நினைக்காதீர்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுவார்களே, அது. விதி எளிதுதான். 4 முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னொரு 4 முயற்சி கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. தாண்ட முடியாவிட்டால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். மற்றதெல்லாம் கடிகாரத்தோடு நடக்கும் சண்டை. கடிகாரத்தை நிறுத்த ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாதியில் 3 டைம்-அவுட்.

அன்று பேர்ஸ் பாதி ஆட்டத்தில் 16-0 என்று பின்தங்கி, அடித்துப் பிடித்து ஏறி, கடைசியில் 23-20 வரை வந்துவிட்டார்கள். 3 புள்ளி எடுத்தால் சமன். பந்தும் அவர்களிடம்தான். அப்போது, அந்த வருடம்தான் வந்த இளம் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எதிரணி அமுக்கிவிட்டது. கடிகாரத்தில் சுமார் அரை நிமிடம். கையில் ஒரு டைம்-அவுட் மிச்சம்.

கடிகாரம் ஓடுகிறது. 25... 20... 15... ஹெட் கோச் மேட் எபர்ஃப்ளூஸ் ஓரத்தில் நிற்கிறார். டைம்-அவுட் வரவில்லை. 6 விநாடி இருக்கும்போது பந்தை எடுத்து, வில்லியம்ஸ் தூர எறிந்தார். யார் கையிலும் படாமல் கீழே விழுந்தது. நேரம் முடிந்தது. அந்த டைம்-அவுட் கடைசிவரை கோச்சின் பாக்கெட்டிலேயே இருந்தது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கட்டும்" என்றார் அண்ணன். பிறகு ஊர் முழுக்க அன்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "இவனைத் தூக்கணும்."

நான் அந்த வருடம்தான் அண்ணனோடு இந்த ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நைட் ஷிப்ட்டில் தூக்கம் வராமல் இருக்க ஒரு வழி தேவைப்பட்டது என்பதுதான் உண்மைக் காரணம். ஆனால், எனக்கு ஆட்டத்தைவிடப் பிடித்துப்போனது, ஆட்டம் முடிந்தபிறகு நடக்கும் சண்டை. கோச் செய்தது சரியா, தவறா? வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? வாரத்துக்கு ஒரு மேட்ச்தான். ஒரு சீசனுக்கு மொத்தமே 17. அதனால் மிச்சம் 6 நாளும் வாய்க்கு வேலை. காரில் போகும்போது ரேடியோவில் இதுதான் பேச்சு. அரோரா பாலாஜி கோயில் கேன்டீனில் புளியோதரைக்கு வரிசையில் நிற்கும் நம்ம ஆட்களும் இதைத்தான் பேசுவார்கள் என்பார் அண்ணன். "பெருமாளைப் பார்த்துட்டு வெளிய வந்தா முதல் கேள்வி, 'நேத்து ஏன்யா கிக் அடிக்கல?'ங்கிறதுதான்."

திங்கட்கிழமை காலை குவார்ட்டர்பேக் என்று ஒரு சொல் அங்கே இருக்கிறது. ஞாயிறு மேட்ச் முடிந்து, விடை தெரிந்த பிறகு, சோபாவில் உட்கார்ந்து சரியான முடிவைச் சொல்பவர். நமக்கென்ன புதுசா? 2025-ல் சேப்பாக்கத்தில் தோனி 9-வது ஆளாக இறங்கிய மறுநாள், எங்கள் தெரு டீக்கடையில் 9 கேப்டன்கள் இருந்தார்கள்.

ஆனால், எல்லாமே வெட்டிப்பேச்சும் இல்லை. அண்ணன் சொல்லித்தான் டெட்ராய்ட் கதை எனக்குத் தெரியும். லயன்ஸ் அணியின் கோச் டேன் கேம்பல். 2024 ஜனவரியில், சூப்பர் பௌலுக்கு முந்தைய மேட்ச். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னிலை. பிற்பகுதியில் இரண்டு முறை, உதைத்து 3 புள்ளி எடுக்கும் தூரத்தில் இருந்தும், கேம்பல் உதைக்கச் சொல்லவில்லை. 4-வது முயற்சியில் ரிஸ்க் எடுத்தார். ஒரு முறை பந்து வீரரின் கையில் பட்டு நழுவியது. இன்னொரு முறை போய்ச் சேரவே இல்லை. கடைசியில் 34-31 என்று தோல்வி.

கணக்குப் போடத் தெரிந்த குழந்தைகூட சொல்லும், இரண்டு உதை 6 புள்ளி, தோற்றது 3 புள்ளியில் என்று. ஆனால் புள்ளிவிவரக் கட்சிக்காரர்கள் வேறு சொல்வார்கள். அந்தத் தூரத்தில் உதைத்தால் உள்ளே போகும் என்பது நிச்சயமில்லை. 2 யார்டு, 3 யார்டு எடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அதுவும், அந்த சீசன் முழுக்க இப்படி ரிஸ்க் எடுத்துத்தான் அங்கே வரை வந்தார்கள். கை நழுவியதற்குக் கோச் என்ன செய்வார்? கேம்பலும் மேட்ச் முடிந்ததும், திட்டுவார்கள் என்று தெரியும், ஆனாலும் அந்த முடிவுகளுக்காக வருந்தவில்லை என்கிற மாதிரிதான் பேசினார்.

இதே ரிஸ்க்கை 2018 சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா கோச் டக் பீடர்சன் எடுத்தார். 4-வது முயற்சி, பந்தை எறிய வேண்டிய குவார்ட்டர்பேக்கே ஓடிப்போய்ப் பிடிக்கிற மாதிரி ஒரு தந்திரம். பலித்தது. கப்பும் வந்தது. அந்த முடிவு எடுத்த நிமிடத்தையே ஸ்டேடியத்துக்கு வெளியே சிலையாக வைத்தார்கள், கோச்சும் குவார்ட்டர்பேக்கும் பேசிக்கொள்வதைப் போல. பந்து நழுவியிருந்தால் அவர் மடையன். இந்தச் சிலை வைத்த கதையில் எனக்குப் பிடித்தது அடுத்த வரிதான். 2021 ஜனவரியில் அதே பீடர்சனை அந்த அணி வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. கப் ஜெயித்து மூன்றே வருடம்.

சரி, சிகாகோவுக்கு வருவோம். எபர்ஃப்ளூஸ் மீதான கோபம் ஒரு டைம்-அவுட்டால் வந்ததில்லை. ஒரு மாதம் முன்பு வாஷிங்டனுக்கு எதிராக, ஜெயித்துவிட்ட மேட்ச். கடைசி விநாடியில் எதிரணி கண்ணை மூடிக்கொண்டு தூர எறிந்த பந்து, கும்பலில் பட்டுத் தெறித்து இன்னொருவர் கையில் விழுந்து 18-15 என்று தோல்வி. அதற்கு முந்தைய ஆட்டத்தில் எதிரணிக்கு 13 யார்டு சும்மா விட்டுக்கொடுத்தது ஏன் என்று கேட்டால், அது பெரிய விஷயமில்லை என்கிற மாதிரி பதில். நவம்பர் 17-ல் பரம எதிரி கிரீன் பே பேக்கர்ஸ். 20-19. ஜெயிக்க ஒரு உதை. கையில் டைம்-அவுட் இருந்தும், இன்னும் கொஞ்சம் கிட்டே போகாமல், கடிகாரத்தை ஓடவிட்டு 46 யார்டிலிருந்தே உதைக்கச் சொன்னார். பந்தைத் தடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் மின்னசோட்டாவிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. தேங்க்ஸ்கிவிங் தோல்வி தொடர்ச்சியாக 6-வது.

அந்த நவம்பர் முழுக்க அண்ணனின் கோபம் கொஞ்சம் அதிகமாகவே இருப்பதாகப்பட்டது. பேக்கர்ஸ் மேட்ச்சின்போது ரிமோட்டை எறிந்தார். அண்ணி குறுக்கே வந்து போனை எடுத்து, "இவருக்கு பி.பி. ஏறுது, நீயாவது சொல்லும்மா" என்றார். நான் சிரித்தேன்.

மறுநாள் இரவு, வெள்ளிக்கிழமை. தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. ஃபெஞ்சல் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆபீஸ் போர்க்களமாக இருந்தது. வானிலை மையம் முதலில் ஒன்று சொன்னது, பிறகு வேறொன்று சொன்னது என்று கமென்ட்டில் ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகளை மாற்ற வேண்டுமாம். எனக்கு சிகாகோ ஞாபகம் வந்தது.

இரவு எட்டரை வாக்கில், அதாவது அங்கே காலையில், எபர்ஃப்ளூஸ் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. வேகமாக ஒரு ஆட்டம் ஆடி, கொஞ்சம் யார்டு முன்னேறி, அதன்பிறகு அந்த டைம்-அவுட்டைப் பயன்படுத்தி உதைக்கலாம் என்பது திட்டமாம். அடுத்த மேட்ச்சுக்குத் தயாராவது பற்றியும் பேசினார். சில மணி நேரம்தான். அவரை நீக்கிவிட்டதாக அணி அறிவித்தது. 1920-ல் தொடங்கிய அணி. சீசன் நடுவில் ஹெட் கோச்சை அனுப்பியது அதுதான் முதல் முறை.

என் டெஸ்க் சீஃபிடம் சொன்னேன். "அங்க நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்கல்ல, சின்னதா ஒண்ணு போடு" என்றார். 10 நிமிடத்தில் போட்டேன். தலைப்பு: 'ஒரே ஒரு டைம்-அவுட்... தூக்கி வீசப்பட்ட கோச்!' லிங்க்கை அண்ணனுக்கு அனுப்பி, 'உங்க ஆசை நிறைவேறிடுச்சு' என்று ஒரு பட்டாசு எமோஜியும் போட்டேன்.

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். வீடியோ இல்லை, ஆடியோ கால்.

"காலைல பேச வெச்சுட்டு மத்தியானம் அனுப்பியிருக்காங்க, கவனிச்சியா?"

"ஆமாண்ணா. நீங்கதானே தூக்கணும்னு..."

"தூக்கினது சரிதான். அதுல மாத்தமில்ல." கொஞ்ச நேரம் பேசவில்லை. "குட்டி, எனக்கும் இப்படித்தான். 15-ம் தேதி. காலைல பத்து மணிக்கு அடுத்த குவார்ட்டர் பிளான் நான்தான் பிரசன்ட் பண்றேன், டீம் பூரா உட்கார்ந்திருக்கு. ரெண்டு மணிக்கு ஒரு மீட்டிங் இன்வைட். பதினைஞ்சு நிமிஷம். ரெண்டே காலுக்கு லேப்டாப் லாக் ஆயிடுச்சு."

எனக்கு ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

13 வருடம். அங்கேயே பிறந்த பையனுக்கு வயது 11. கிரீன் கார்டு வரிசையில் பெயர் எங்கேயோ நிற்கிறது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெட்டி கட்ட வேண்டும். அதில் இரண்டு வாரம் ஓடியிருந்தது. உறையூரில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது.

"அம்மாட்ட சொல்லிடாத."

நான் இளரத்தம், உடனே சமாதானம் சொல்லப் பார்த்தேன். அந்தக் கோச்சுக்கு என்னண்ணா, பாக்கி ஒப்பந்தப் பணம் வந்துடும், உங்களோட அவரை ஒப்பிடக் கூடாது என்றேன். உண்மையும் அதுதான். லட்சக்கணக்கான டாலர் சம்பளம் வாங்குபவருக்காக நாம் அழ வேண்டியதில்லை. அண்ணன் அதை மறுக்கவில்லை. "பணத்தைச் சொல்லல. அந்தக் காலைல அவன் மைக் முன்னாடி உட்கார்ந்திருந்தான்ல, பக்கத்து ரூம்ல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? அதைச் சொல்றேன்" என்றார்.

போனை வைத்ததும் என் தலைப்பைப் பார்த்தேன். 'தூக்கி வீசப்பட்ட' என்பதை 'நீக்கப்பட்ட' என்று மாற்றினேன். கிளிக் குறைந்ததா என்று கேட்காதீர்கள். புயல் கரையைக் கடக்கும் அன்று அந்தச் செய்தியைப் படித்தவர்களே மொத்தம் இருநூறு பேர் இருப்பார்கள்.

அதன்பிறகும் நாங்கள் மேட்ச் பார்த்தோம். வேறு எதைப் பற்றிப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. கோச்சை மாற்றினால் எல்லாம் மாறும் என்று நம்பிய ஊருக்கு முதல் பாடம் அடுத்த மேட்ச்சிலேயே கிடைத்தது. இடைக்காலக் கோச் தாமஸ் பிரவுன் தலைமையில் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 38-13.

அண்ணன் திரும்பத் திரும்ப டெட்ராய்ட்டுக்கே போனார். கேம்பலின் முதல் சீசனில் லயன்ஸ் ஜெயித்தது 3 மேட்ச். இரண்டாவது சீசனை 1 வெற்றி, 6 தோல்வி என்று தொடங்கினார்கள். அவரையும் தூக்கணும் என்று கத்தியவர்கள் இருந்தார்கள். உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹேம்ப், பொறுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த சீசன் 9-8 என்று முடிந்தது. அடுத்தது 12-5, முப்பது வருடத்தில் முதல் டிவிஷன் பட்டம். 2024-ல் 15-2. "பொறுத்தா வரும்டி" என்பார்.

எனக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. பொறுத்து ஜெயித்த ஒரு கேம்பலைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பொறுத்துப் பொறுத்துத் தோற்றவர்களை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? எபர்ஃப்ளூஸுக்கும் 2024 ஜனவரியில் ஊரே அனுப்பச் சொன்னபோது பேர்ஸ் ஒரு வருடம் பொறுத்தது. கடைசிக் கணக்கு என்ன? 14 வெற்றி, 32 தோல்வி. இதைச் சொன்னேன். சொல்லும்போதே, நாங்கள் கோச்சைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று சந்தேகம் வந்து பாதியில் நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா எனக்கு போன் செய்து, "உங்க அண்ணன் ஏன் எளைச்ச மாதிரி இருக்கான்? அவ சமைக்கிறதில்லையா?" என்பார். அண்ணி வாங்கிக்கொண்ட பழியை நினைத்தால் இன்னமும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நானே கேட்டேன். "யார்கிட்டயாவது சொன்னீங்களா? பழைய மேனேஜர் ஒருத்தர் டெட்ராய்ட் பக்கம் இருக்கார்னு சொல்வீங்களே?"

"அவர்ட்ட எப்படி... சேர்ந்து வேலை பாத்தவரு. தானா அப்ளை பண்ணிப் பாத்துடலாம்னு..."

"எத்தனை அப்ளிகேஷன்?"

"நூத்திப் பத்து."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 15 வயது மூத்தவரிடம் பேசக்கூடாத தொனியில் பேசினேன். "அண்ணா, கடிகாரம் ஓடுது. பாக்கெட்ல வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அவர் சிரிக்கவில்லை. கால் கட்டாகிவிட்டது. தப்பாகப் பேசிவிட்டோம் என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரே வரி மெசேஜ்: 'கூப்பிட்டேன்.'

ஜனவரி 10. 60 நாளில் 56 முடிந்திருந்தது. கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை, சம்பளம் முன்பைவிடக் குறைவு, ஆனால் விசா பேப்பரை உடனே தாக்கல் செய்துவிட்டார்கள். வேலை சிகாகோவில் இல்லை. டெட்ராய்ட் பக்கத்து ஊர். பொங்கலன்று பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாராம். பெரியம்மா அழவில்லை. "எங்கிட்டச் சொல்லாம அவகிட்டச் சொல்லியிருக்க" என்று என்மேல்தான் கோபம். ஒரு மாதம் பேசவில்லை.

எபர்ஃப்ளூஸுக்கும் அதே மாதம் டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் தற்காப்புப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பேர்ஸ் புது ஹெட் கோச்சாக எடுத்தது யாரைத் தெரியுமா? டெட்ராய்ட் லயன்ஸில் கேம்பலுக்குக் கீழே இருந்த பென் ஜான்சனை. அவர் டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோ, அண்ணன் சிகாகோவிலிருந்து டெட்ராய்ட். அண்ணன் பையன் மட்டும் எதற்கும் அசையவில்லை. புதுப் பள்ளியில் எல்லோரும் லயன்ஸின் நீல ஜெர்சியில் வரும்போது, இவன் பேர்ஸ் ஜெர்சியில்தான் போவேன் என்று அடம்.

2025 செப்டம்பர் 14. ஜான்சன் பேர்ஸ் கோச்சாக முதல்முறை டெட்ராய்ட்டுக்கு வந்தார். இங்கே ஞாயிறு இரவு பத்தரை மணி. எனக்கு ஷிப்ட் இல்லை, வீட்டில் அம்மாவுக்குக் கேட்காமல் ஹெட்போனில் பார்த்தேன். பழைய ஊர்க்காரர்கள் அவரைக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். லயன்ஸ் 52, பேர்ஸ் 21. முதல் மேட்ச்சும் தோல்வி என்பதால் இரண்டுக்கு இரண்டு அவுட். அந்த சீசனில் அதே பேர்ஸ் டிவிஷனில் முதலிடம் பிடிக்கப் போகிறது என்பது அன்று இரவு யாருக்கும் தெரியாது.

மேட்ச் முடிந்ததும் வீடியோ கால். சோபாவில் ஜெர்சியோடு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தான் பையன்.

"அத்தை, திஸ் கோச் இஸ் டெரிபிள். இவரைத் தூக்கணும்."

பின்னால் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேசாமல் எழுந்துபோய் அவனுக்குத் தட்டில் தோசை எடுத்துவந்து வைத்தார்.

"ரெண்டு மேட்ச்தான்டா ஆச்சு. முதல்ல சாப்பிடு."